கொறங்காட்டைத் திரும்பப் புல்லுக்கு விட்டால் மண்ணில் கரிமம் எவ்வளவு ஏறும்? கார்பன் கிரெடிட் கட்டுமா?

#1 மானாவாரி8

காங்கயத்துக்குத் தெற்கே 8 ஏக்கர், சரளை கலந்த செம்மண். முன்னே கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் புல்காடு). பிறகு 15 வருசமாகச் சோளம், கொள்ளு என்று மாறி மாறி வெள்ளாமை. வருசம் ரெண்டு உழவு, அதில் ஒன்று சட்டிக் கலப்பை. மூணு பக்கம் கிளுவை வேலி நல்லா இருக்கு. கிழக்கே வேலி செத்து வேலிக்காத்தான் (சீமைக்கருவேல்) ஏறிடுச்சு. வெள்வேல மரம் 11 நிக்குது. மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.40 சதம்.

புல்லுக்கு விடலாம்னு முடிவு. ஒரு கார்பன் கம்பெனி (மண்ணில் ஏறும் கரிமத்தை டன் கணக்கில் கிரெடிட்டாக விற்பது) 30 வருச ஒப்பந்தம் கேட்குது. ஏக்கருக்கு வருசம் 2 டன் கார்பன் டை ஆக்சைடு மண்ணில் ஏறும் என்கிறார்கள். நம்பலாமா? புல்லை எப்படிக் கொண்டுவருவது? எத்தனை உருப்படி மேய்க்கலாம்?

#2 மண்வளையம்

2 டன் கதைக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த 0.40.

மண்வள அட்டைக்கு மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான். அதுவும் மேல் 15 செ.மீ. மண். உங்கள் 8 ஏக்கர் என்பது 3.24 ஹெக்டேர், அந்தக் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாதிரி பக்கத்துக் காட்டில் எடுத்ததாகவே இருக்கலாம். உரப் பரிந்துரைக்கு அது போதும், கரிமக் கணக்குக்கு உதவாது.

கரிம இருப்புக்கு மூன்று எண் வேண்டும்: கரிமச் சதம், மண்ணின் பருமன் அடர்த்தி (ஒரு சி.சி. இடத்தில் எத்தனை கிராம் உலர் மண்), ஆழம். மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று நேராக வந்துவிடும். ஆழம் 30 செ.மீ. என்பது ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) வழக்கம்.

சரளை மண்ணில் எல்லோரும் தப்பு பண்ணுகிற இடம் அடர்த்திதான். 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரம் உள்ள வளையத்தின் கொள்ளளவு 98 சி.சி. மண்ணை 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை போட்டால் 157 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 157-ஐ 98-ஆல் வகுத்தால் 1.6. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதை 2 மி.மீ. சல்லடையில் சலித்தால் 39 கிராம் கல் மேலே நிற்கும். கல்லில் கரிமம் கிடையாது. கரிமச் சதம் அளந்ததும் சலித்த மண்ணில்தான். ஆகவே சலித்து விழுந்த 118 கிராமை முழு வளையத்தின் 98-ஆல் வகுக்க வேண்டும், 1.2 வரும்.

கல்லோடு சேர்த்தால்: 0.40 × 1.6 × 30 = 19.2 டன்
கல்லை நீக்கினால்: 0.40 × 1.2 × 30 = 14.4 டன்

கல்லை மறந்ததில் மட்டும் ஹெக்டேருக்கு 4.8 டன் காற்றில் வந்த கரிமம்! இந்த மாதிரி நிலத்தில் பத்து வருசம் புல் வளர்த்தால் ஏறக்கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

கல் அதிகமான இடத்தில் வளையம் இறங்காது, கல்லில் முட்டி மண்ணை நொறுக்கிவிடும். அங்கே 20 × 20 செ.மீ. சதுரக் குழியை 10 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, மண் முழுவதையும் அள்ளி எடுத்துவிடுங்கள். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் படிய விரித்து, தரைமட்டம் வரை அளந்து தண்ணீர் ஊற்றினால் கொள்ளளவு கிடைத்துவிடும். இதே போல 10–20, 20–30 அடுக்கும்.

#3 புல்விதை

புல் பக்கம் நான் சொல்றேன். இந்த மண்ணுக்குக் கொழுக்கட்டைப்புல்தான். நாட்டுக் கொழுக்கட்டையோ கோயம்புத்தூர் வேளாண் பல்கலையின் கோ 1 நீலக் கொழுக்கட்டையோ, ரெண்டும் நிக்கும். தனி விதைப்புக்கு ஹெக்டேருக்கு 6–8 கிலோ. 8 ஏக்கருக்கு 20–26 கிலோ.

விதைத்தது முளைக்கலைன்னு புலம்புற பாதிப் பேர் புது விதை போட்டவங்க. அறுத்த விதைக்கு 6–8 மாசம் உறக்கம் உண்டு. போன வருச விதையைக் கேட்டு வாங்குங்க. புது விதைதான் கிடைச்சுதுன்னா பொட்டாசியம் நைட்ரேட் 1 சதக் கரைசலில் (லிட்டருக்கு 10 கிராம்) 48 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்திப் போடணும்.

ரெண்டாவது கோளாறு ஆழம். விதை சொனையோட பஞ்சு மாதிரி இருக்கும், கையில் அள்ளி வீசினா காத்து கொண்டுபோயிடும். அதனால உழவுக்குள்ள போட்டு மூடிடுறாங்க. 1 செ.மீ.க்குக் கீழே போனா வெளியே வராது. ஈர மணலும் பொடிச்ச சாணமும் விதையோட பிசைந்து, அரை மீட்டர் இடைவெளியில் கோடு கிழிச்சுத் தூவி, முள்ளுக் கட்டையை இழுத்தாப் போதும். சாணத்தோட பிசையுறதுல இன்னொரு லாபம், எறும்பு இழுக்கிறது குறையும்.

நேரம்: புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் வாரம். முதல் மழைக்கே மொத்தத்தையும் போட்டுடாதீங்க. முளைச்ச பிறகு பத்து நாள் காய்ஞ்சா அத்தனையும் போச்சு. பாதியை முதல் மழைக்கு, மீதியை அடுத்த மழைக்கு.

#4 மானாவாரி8

நன்றிங்க ரெண்டு பேருக்கும். பழைய கொறங்காட்டில் சில வருசத்துக்கொருக்கா உழுது சோளம் போட்டுட்டு மறுபடி புல்லுக்கு விடுவாங்களே, அது கரிமத்துக்குக் கெடுதலா?

#5 மண்வளையம்

கெடுதல்தான். உழும்போது மண் உருண்டை உடைந்து, உள்ளே மூடியிருந்த கரிமத்துக்குக் காற்றும் நுண்ணுயிரும் எட்டுகிறது. ஏறுவதற்குப் பல வருசம், இறங்குவதற்கு ஓரிரு பருவம்.

#6 கிளுவைவேலி

புத்தகத்துக்கு அது சரி. ஆனால் அந்த உழவு சும்மா வந்த வழக்கமில்லை. மேய்ச்சல் காட்டில் வருசா வருசம் குளம்பு மிதித்து மேல்மண் இறுகும். கொழுக்கட்டைத் தூர் வயசாகி நடு வெந்து வளையம் மாதிரி ஆகிவிடும். விதை விழுந்தாலும் இறங்காது. அப்போது ஒரு உழவு போட்டால் மறு வருசம் புல் பாய்ந்து வரும். உழவே கூடாது என்று பூட்டிவைத்து, புல் நைந்து போய் துத்தியும் ஆவாரையும் பார்த்தீனியமும் ஏறிய காடு எத்தனை வேண்டும்? புல் போனால் கரிமமும் போச்சு.

நடுவழி ஒன்று இருக்கிறது. முழுக் காட்டையும் உழாமல் அஞ்சு கலப்பையை (அஞ்சு கொழு உள்ள டிராக்டர் கலப்பை) மூணு அங்குல ஆழத்துக்கு வைத்து, சரிவுக்குக் குறுக்கே ஒரு பட்டை உழவு, ரெண்டு பட்டை சும்மா. உழுத பட்டையில் மட்டும் விதை. சட்டிக் கலப்பையும் ரோட்டாவேட்டரும் உள்ளேயே வரக்கூடாது.

#7 மண்வளையம்

இது சரி, ஏற்றுக்கொள்கிறேன். மூன்றில் ஒரு பங்கு, அதுவும் மேலாக என்றால் இழப்பு சிறிது. உழுத பட்டையில் அடுத்த வருசமே மண் மாதிரி எடுக்காதீர்கள், எண் குழப்பும்.

#8 புல்விதை

புல்லை மட்டும் போட்டு நிறுத்தாதீங்க. பயறு வகை ஒன்று கட்டாயம். முயல் மசால் (ஸ்கேப்ரா) நல்லா வரும். கலப்பில் ஹெக்டேருக்கு 2 கிலோ போதும். விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிசம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கணும். தெர்மாமீட்டர் இல்லைன்னா கொதிக்கிற தண்ணீர் மூணு சொம்பு, சாதாத் தண்ணீர் ஒரு சொம்பு கலந்தா கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். அடுப்பிலேயே வச்சுப் போட்டா விதை வெந்திடும். நரிப்பயறு தானா வர்ற காடுன்னா அதைக் களைன்னு பிடுங்காதீங்க.

#9 வரவுசெலவு

பயறு ஏன் கட்டாயம் என்பதற்கு எண்ணாகவே காரணம் இருக்கிறது. மண்ணில் நிலைக்கிற மக்கு வெறும் கரிமம் இல்லை. ஒரு டன் கரிமம் மக்காக நிற்க ஏறக்குறைய 80 கிலோ தழைச்சத்து, 20 கிலோ பாஸ்பரஸ், 14 கிலோ கந்தகம் கூடவே பூட்டப்பட வேண்டும். காற்றிலிருந்து கரிமத்தைப் புல் எடுத்துவிடும். தழைச்சத்தை யார் தருவது? வெறும் புல் போட்டு, தீவனத்தையும் அறுத்து வெளியே விற்றால் மண்ணில் எதுவும் தங்காது.

இதனால் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை சூப்பர் பாஸ்பேட் போடுவதில் தப்பில்லை. ஹெக்டேருக்கு 40 கிலோ மணிச்சத்து என்றால் 250 கிலோ சூப்பர், அதாவது ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை ரெண்டு. அதிலேயே கந்தகமும் வந்துவிடும். யூரியா வேண்டாம். களைதான் அதை முதலில் குடிக்கும்.

இனி அந்த 2 டன். ஐபிசிசி 2006 வழிகாட்டியில், வறண்ட வெப்பமண்டலத்தில் நெடுநாள் உழுத நிலத்துக்கான காரணி 0.58. அதாவது உழாத இயற்கை நிலத்தில் 100 இருந்தால் உழுததில் 58. உங்கள் 14.4 டன்னை 0.58-ஆல் வகுத்தால் 24.8. முழுசாகத் திரும்பினால் வித்தியாசம் 10.4 டன். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் காலம் 20 வருசம். வருசத்துக்கு 0.52 டன் கரிமம். கார்பன் டை ஆக்சைடாக்க 3.67-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 1.9 டன். ஏக்கருக்கு 0.77. எட்டு ஏக்கருக்கும் சேர்த்து வருசம் 6.2.

இது எல்லாம் நல்லபடி நடந்தால் வரும் உச்சி. நிலம் 15 வருசம்தான் உழுதது, அதற்கு முன்பும் மேய்ந்த காடு என்பதால் இழந்ததே இவ்வளவு இருக்காது. கம்பெனி சொல்வது 8 ஏக்கருக்கு 16 டன்! அந்த எண் எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஒரு பேச்சுக்கு டன் 800 ரூபாய் என்றாலும் 6.2 டன்னுக்கு வருசம் 4,960 ரூபாய். இதில் சோதனைச் செலவு, தணிக்கைச் செலவு, காப்பாக ஒதுக்கும் பங்கு, கம்பெனியின் பங்கு எல்லாம் கழியும். மீதியை நீங்களே பாருங்கள்.

20 வருசத்துக்கு அப்புறம் ஏற்றம் நின்றுவிடும், மண் தன் நிறைவுக்கு வந்துவிடும். 30 வருச ஒப்பந்தத்தில் கடைசி 10 வருசம் காசு வராது, கட்டுப்பாடு மட்டும் இருக்கும். இதை யாரும் படித்துச் சொல்ல மாட்டார்கள்.

#10 பட்டிக்காரர்

மாட்டுச் சாணமும் ஆட்டுக் கிடையும் போட்டால் இதைவிட வேகமாக ஏறுமே. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அடித்தால் மறு வருசமே 0.40 சதத்துக்கு மேலே போகும்.

#11 மண்வளையம்

உங்கள் காட்டில் ஏறும், ஊர்க் கணக்கில் ஏறாது. அந்தச் சாணம் வேறொரு காட்டில் விளைந்த புல். அங்கே இறங்கியது இங்கே ஏறியிருக்கிறது, காற்றிலிருந்து ஒன்றும் புதிதாக இறங்கவில்லை. மண்ணுக்கு நல்லதா என்றால் ரொம்ப நல்லது. கிரெடிட்டா என்றால் இல்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பகலில் கொறங்காட்டில் மேய்ந்து ராத்திரி வீட்டுத் தொழுவத்தில் கட்டினால், சாணத்தில் பெரும்பங்கு தொழுவத்தில் விழுந்து அங்கிருந்து தென்னைக்குப் போய்விடும். புல்காடு வருசா வருசம் இளைக்கும். முடிந்த மாதங்களில் பட்டியைக் காட்டுக்குள்ளேயே போட்டு, மூணு நாலு நாளைக்கொரு முறை இடம் மாற்றுங்கள்.

#12 கிளுவைவேலி

எத்தனை உருப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஏக்கருக்கு இத்தனை என்று வாயால் சொல்பவரை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். மார்கழியில் புல் முற்றியதும் 1 மீட்டர் சதுரச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் வீசி (நல்ல புல் இருக்கும் இடமாகப் பார்த்துப் போட்டால் ஏமாறப் போவது நீங்கள்தான்), உள்ளே இருப்பதைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து எடை போடுங்கள். சதுர மீட்டருக்குச் சராசரி 300 கிராம் வந்தால் ஹெக்டேருக்கு 3 டன் உலர் புல்.

அதில் பாதிதான் வாய்க்கு. மீதிப் பாதி தூருக்கும் வேருக்கும் கரையானுக்கும். 1.5 டன் என்று வையுங்கள். 300 கிலோ மாடு நாளைக்கு ஏறக்குறைய 7 கிலோ உலர் தீவனம் தின்னும், வருசத்துக்கு 2.5 டன். ஆக ஹெக்டேருக்கு 0.6 மாடு. உங்கள் 3.24 ஹெக்டேருக்கு ரெண்டே மாடு! செம்மறி என்றால் ஒன்றுக்கு நாளைக்கு 1 கிலோ, ஹெக்டேருக்கு நாலு, மொத்தம் 13. காட்டில் இதைவிட மூணு மடங்கு நிற்பதைப் பார்க்கிறோம். சோளத்தட்டு வெளியிலிருந்து வருவதால் மாடு பிழைத்துக்கொள்கிறது, புல் பிழைப்பதில்லை.

முதல் வருசம் ஒரு உருப்படியும் உள்ளே விடக்கூடாது. விதை முற்றித் தானாக ஒரு முறை உதிர வேண்டும். ரெண்டாவது வருசம் விடுவதற்கு முன் இழுத்துப் பார்க்கிற சோதனை: மாடு இழுக்கிற மாதிரி ஒரு கைப்பிடிப் புல்லைச் சுருக்கென்று இழுங்கள். தாள் அறுந்து தூர் நின்றால் விடலாம். தூரோடு கையில் வந்தால் இன்னும் பொறுங்கள். 8 ஏக்கரை நாலாகத் தடுத்து, ஒன்றை மேய்க்கும்போது மூணு ஆறட்டும். தாள் ஒரு சாண் உயரத்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த தடுப்புக்கு மாற்றிவிடுங்கள், கிழமை பார்க்க வேண்டாம்.

#13 பட்டிக்காரர்

நெருக்கி அடைத்து வேகமாக மாற்றி மேய்த்தால் மூணு மடங்கு மாடு வைத்தாலும் மண்ணில் கரிமம் கூடும் என்று ஜிம்பாப்வே மேய்ச்சல் நிபுணர் ஆலன் சேவரி சொல்கிறாரே?

#14 வரவுசெலவு

அவர் 2013-ல் மேடையில் பேசியது உலகம் முழுக்கப் பரவியது, ஆதாரம் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஆறவிடுவது பலன் தரும், அதில் சண்டை இல்லை. கூட்டம் கூட்டி மிதிக்கவைப்பதால் தனியாக ஒரு பலன் என்பது ஆய்வுகளில் ஒரே மாதிரி வரவில்லை. 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இயங்கிய உணவு–காலநிலை ஆய்வு வலையமைப்பு மொத்தமாகக் கணக்குப் போட்டது. மிகத் தாராளமாக வைத்தாலும் மேய்ச்சல் நிலம் பிடிக்கும் கரிமம், மேயும் கால்நடைகளே வெளியிடுவதில் 20 முதல் 60 சதத்தைத்தான் ஈடுகட்டும் என்று வந்தது.

உங்கள் அளவுக்கே பார்க்கலாம். ஐபிசிசி 2006 அட்டவணையில் இந்தியத் துணைக்கண்டத்துக் கறவையல்லாத மாடு ஒன்றுக்கு வருசம் 27 கிலோ மீத்தேன், கறவைக்கு 58. மீத்தேன் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும், அதனால் 28-ஆல் பெருக்கினால் கறவையல்லாத மாட்டுக்கு 756 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ரெண்டு மாட்டுக்கு 1.5 டன், ஆறு மாட்டுக்கு 4.5 டன். மண்ணில் ஏறுவதாகச் சொன்ன 6.2-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடு ஏற்கெனவே தொழுவத்தில் இருக்கிறது என்றால் அது புதிதாகச் சேர்ந்த செலவு ஆகாது. கிரெடிட்டை நம்பி நாலு மாடு கூடுதலாக வாங்கினால்தான் கணக்கு கவிழும்.

#15 நிழல்தரு

இவ்வளவு பாடு எதற்கு? ஏக்கருக்கு 400 மரம் நட்டால் இதைவிடப் பல மடங்கு கரிமம். மலைவேம்பு, தேக்கு…

#16 மந்துவெளி

புல்வெளியை வெறும் தரை என்று பார்ப்பதால் வரும் யோசனை இது. இதன் விளைவை நீலகிரியில் நேரில் பார்க்கலாம். சோலைக்கு நடுவே இருந்த புல்மேட்டை "சும்மா கிடக்குது" என்று வாட்டில், யூகலிப்டஸ், பைன் நட்டு நிரப்பினார்கள். இப்போது வாட்டிலை வெட்ட வெட்ட விதை முளைத்துக்கொண்டே இருக்கிறது, புல்லைத் திரும்பக் கொண்டுவருவது தனித் தொழிலாகிவிட்டது. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்ற புல்வெளியில் 1961-ல் சீமைக்கருவேலை விட்ட கதையும் இதேதான்.

600 மி.மீ. சுற்றி மழை பெய்யும் இடத்தில் ஏக்கருக்கு 400 மரம் தண்ணீர் ஊற்றாமல் நிற்காது. போர்வெல் மோட்டார் ஓட்டி வளர்த்தால் அந்த மின்சாரத்துக்கும் புகை உண்டு. மரத்தின் கரிமம் தரைக்கு மேலே, ஒரு நாள் வெட்டினாலோ தீப்பிடித்தாலோ போகும். புல்லின் கரிமத்தில் பெரும்பங்கு தரைக்குக் கீழே. அதிலும் வேர் வழியாக மண்ணுக்கு வருவது, மேலே விழும் தழையைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீடிக்கிறது. மேலே விழுந்ததைக் கரையான் விடுவதும் இல்லை.

இன்னொன்று. கொழுக்கட்டைப்புல் கொங்குச் சமவெளிக்குச் சொந்தம், ஆகவே அங்கே சரி. அதே புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் சொனோரா பாலையிலும் அடங்காத களை. மலைப் புல்மேட்டுச் சீரமைப்புக்கு அதைக் கொண்டுவரும் யோசனையை யாரும் வைக்காதீர்கள். மேலே சொந்தப் புல்லின் தூரைப் பிரித்து நடுவதுதான் வழி.

வெள்வேலை மட்டும் தொடாதீர்கள். நிழல் விரிவாகப் படராது, காய் கோடையில் தீவனம். அந்த 11 மரத்தின் கீழே விதையிலிருந்து வரும் கன்றுகளில் சிலதை முள்ளடைத்துக் காப்பாற்றினால் போதும்.

#17 மானாவாரி8

மரம் வேண்டாம், சரி. கிழக்கு வேலிக்காத்தானை என்ன செய்ய? அதை வெட்டினாலும் கரிமம் குறையும்தானே?

#18 கிளுவைவேலி

குறையும், பரவாயில்லை. விட்டால் புல்லையும் விழுங்கிவிடும். தரைமட்டத்தில் வெட்டுவது வீண் கூலி, நாலு கொம்பு வந்த இடத்தில் பத்து வரும். வேர்க்கழுத்துக்குக் கீழே ஒரு அடி ஆழத்தில் தோண்டி அறுக்க வேண்டும், சின்னதை மண்வெட்டியிலேயே எடுக்கலாம், பெரியதற்கு ஜேசிபி. காய் பழுக்கும் முன் செய்யுங்கள். பழுத்த காயை ஆடு மாடு தின்றால் சாணத்தோடு எட்டு ஏக்கருக்கும் விதைத்துவிடும். குழியை மூடி அங்கேயே புல் விதையைத் தூவிவிடுங்கள், வெறும் மண்ணாக விட்டால் அடுத்து பார்த்தீனியம் வரும்.

வேலிக்கு, இலை உதிர்ந்திருக்கும் கோடையில் வெட்டிய முள்கிளுவைக் குச்சி. வெட்டியதும் நடாமல் சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க நினைத்தால் அழுகிவிடும். வேலி கெட்டியாகாமல் ஆறவிடுதல் என்ற பேச்சே இல்லை. ஊர் ஆடு ராத்திரி வந்து மேய்ந்துவிட்டுப் போகும், நீங்கள் காலையில் விதையைக் குறை சொல்வீர்கள்.

#19 நிழல்தரு

சரி, மரத்தை விடுகிறேன். ஆனால் கரிமம் 1 சதம் கூடினால் ஏக்கருக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை மண் பிடித்து வைக்கும் என்பது உண்மைதானே? அதற்காகவாவது புல் நல்லது.

#20 மண்வளையம்

புல் நல்லது. அந்த எண் தப்பு. பல நாட்டு மண் தரவுகளைத் தொகுத்த 2018 ஆய்வில், கரிமம் 1 சதம் (கிலோவுக்கு 10 கிராம்) கூடினால் 100 மி.மீ. மண்ணுக்குச் சராசரியாக 1.16 மி.மீ. தண்ணீர்தான் கூடுதலாகத் தங்குகிறது என்று வந்தது. உங்கள் காட்டில் 0.40 ஏறி 0.70 ஆனாலும் 30 செ.மீ. மண்ணில் கூடுவது 1 மி.மீ. சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஒரு சொம்பு.

உண்மையான லாபம் தண்ணீர் உள்ளே இறங்கும் வேகத்தில் இருக்கிறது. 15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தை (பழைய பைப் துண்டு போதும்) பாதி உயரம் மண்ணில் அடித்து, உள்ளே தாள் விரித்து 444 மில்லி தண்ணீர் ஊற்றி, தாளை மெல்ல உருவுங்கள். அது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்றலை விட்டுவிட்டு ரெண்டாவது எத்தனை நிமிசத்தில் வடிகிறது என்று குறியுங்கள். கரிம எண் அசையும் முன்பே, ரெண்டு மூணு வருசத்தில் இந்த நிமிசம் குறைவது தெரியும்.

#21 வரவுசெலவு

ஒப்பந்தத்துக்கு வருவோம். இவற்றை எழுத்தில் கேளுங்கள்: தொடக்க இருப்பை உங்கள் காட்டில் அளப்பார்களா, அல்லது கணினி மாதிரியில் ஒரு எண்ணைப் போடுவார்களா? அளந்தால் எத்தனை இடம், எத்தனை ஆழம்? நிலத்தை விற்றாலோ பாகம் பிரித்தாலோ யார் பொறுப்பு? ரெண்டு வருசம் மழை பொய்த்துக் கரிமம் இறங்கினால் வாங்கிய காசைத் திரும்பக் கேட்பார்களா? உழவு முற்றாகத் தடையா, பட்டை உழவுக்கு இடமுண்டா?

கணினி மாதிரியை மட்டும் நம்பும் திட்டங்களில் தகராறு வரத்தான் செய்கிறது. வடக்கு கென்யாவின் புல்வெளிக் கார்பன் திட்டத்தைச் சான்றளித்த வெர்ரா அமைப்பே 2023-ல் மறுஆய்வுக்கு எடுத்தது. மேய்ச்சலை மாற்றினார்களா, மாற்றியதால்தான் கரிமம் கூடியதா என்பதே அங்கே கேள்வி.

#22 மண்வளையம்

எத்தனை இடம் என்பதற்கு எண் தருகிறேன். இந்த மண்ணில் இடத்துக்கிடம் கரிமம் 25 சதம் மாறும் என்று வைத்தால், 14.4 டன்னுக்கு விலகல் 3.6. வருசம் 0.52 ஏறுவதாக எடுத்தால்:

பத்து வருசம் கழித்து ஏற்றத்தைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு முறையும் 8 இடம் போதும். 5 வருசத்தில் கண்டுபிடிக்க 30 இடம். ஒரே வருசத்தில் என்றால் ஏறக்குறைய 750 இடம்! ஆகவே "வருசா வருசம் அளந்து காசு தருவோம்" என்று சொல்கிறவர் அளக்கப் போவதில்லை.

ஆய்வகத்தில் நடக்கும் மூன்று குளறுபடி. ஒன்று, வாக்லி–பிளாக் முறையில் கரிமத்தில் சராசரி 77 சதம்தான் எரியும், அதனால் 1.3-ஆல் பெருக்குவார்கள். சில ஆய்வகம் பெருக்கும், சிலது பெருக்காது. இந்த வருசம் பெருக்காத இடத்திலும் ஐந்து வருசம் கழித்துப் பெருக்கும் இடத்திலும் கொடுத்தால் புல்லே போடாமல் 30 சதம் ஏறிவிடும். ரெண்டு, எரித்து அளக்கும் கருவியில் கொடுத்தால் சுக்கான் கல்லின் சுண்ணாம்புக் கரிமமும் சேர்ந்து வரும். மண்ணில் ரெண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அமிலத்தில் கழுவிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். மூன்று, அங்ககப் பொருள் என்று ஒரு எண், அங்ககக் கரிமம் என்று ஒரு எண். முதலாவது ரெண்டாவதைப் போல 1.724 மடங்கு. தாளில் எது இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

மேய்ச்சலில் மண் இறுகுவதையும் கவனிக்க வேண்டும். அடர்த்தி 1.2 இருந்தது 1.3 ஆனால், கரிமச் சதம் அதேயாக இருந்தும் 14.4 டன் 15.6 ஆகிவிடும். ஆழத்தை மட்டும் பார்க்காமல், முதல் முறை எடுத்த அதே மண் எடை வரை கணக்கிடச் சொல்லுங்கள்.

#23 மானாவாரி8

ஒப்பந்தம் வேண்டாம்னு முடிவு. புல்லை விட்டாகணும். இந்த ஆவணியில் வேலிக்காத்தான், புரட்டாசியில் பட்டை உழவும் சூப்பரும், ஐப்பசியில் விதை. மண் மாதிரி எப்போ எடுக்கட்டும்?

#24 மண்வளையம்

உழவுக்கு முன், சூப்பர் போடுவதற்கும் முன். ஆவணி மூணாவது வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே மாதம், மழைக்குப் பின் எடுத்தால் வேர்த்துணுக்கு கலந்து எண் ஏறும். 12 இடத்தைப் போன் ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாண் ஆழத்தில் கம்பித் துண்டைப் புதைத்து வையுங்கள். ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளும். திரும்ப அதே இடத்தைச் சுற்றி எடுத்தால் 12 இடமே நிறைய வேலை செய்யும். ஒவ்வொன்றிலும் சலித்த மண் கால் கிலோவை உலர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் தேதி போட்டு வீட்டில் வையுங்கள். பத்து வருசம் கழித்துப் பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் கொடுத்தால் 1.3 தகராறே வராது.

#25 புல்விதை

பாட்டிலுக்குள்ள பூச்சி போகாம மூடியில மெழுகு ஊத்துங்க. சீட்டைப் பென்சில்ல எழுதுங்க, பேனா மை அழிஞ்சிடும்.

ஒண்ணு விட்டுப்போச்சு. முயல் மசாலை வெந்நீரில் போட்ட பிறகு வச்சிருக்காதீங்க, மறுநாள் காலையிலேயே விதைச்சாகணும். மழை தள்ளிப்போச்சுன்னா புல்லை மட்டும் போட்டுட்டு மசாலைத் தாளிலேயே வைங்க, அடுத்த மழைக்கு வெந்நீர்.